ராஜபாளையத்தில் நான்கு நாள் டாக்டர்

தங்கச்சாமி அண்ணன் எழுதிய கடிதத்தை நான் ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அவர் என் பெரியப்பா மகன், ராஜபாளையத்தில் நூல் வியாபாரி. ஊரில் நாலு பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு மன்றத்துக்குச் செயலாளர். "தம்பி சுப்பையா, இங்கேயும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பொதுமக்களுக்காக மூன்று நாள் மனநல விழா நடத்துகிறோம். அனுமதி இலவசம், மதியச் சாப்பாடும் இலவசம். நீ மனநல ஆஸ்பத்திரியில் இருப்பவன். வந்தால் பெரிய உதவியாக இருக்கும்" என்று எழுதியிருந்தார்.

ஆமாம், நான் மலேசியாவில் ஒரு மனநல மருத்துவமனையில்தான் இருக்கிறேன். இருபத்தாறு வருடங்களாக, அதன் சமையற்கூடத்தில். கடிதத்தில் 'சாப்பாடு' என்ற சொல்லைக் கண்டதும், அண்ணன் என்னைச் சமைக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். இரண்டு ஏப்ரன்களை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பெட்டியில் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் இருக்க வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி இரண்டு ஏப்ரன்களையும் விரித்துப் பார்த்துவிட்டு, எனக்காக வருத்தப்பட்டு மூடினார்.

முதல் நாள் காலை மதுரை பஸ் என்னை ராஜபாளையத்தில் இறக்கிவிட்டது. ஊரில் நான் சந்தித்த முதல் ஆள் நான்தான். எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தேன். 'மலேசியப் புகழ் மனநல நிபுணர் டாக்டர் எம். சுப்பையா அவர்கள்.' ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவரை வெட்டி எறிந்திருந்தார்கள், அவருடைய ஒரு காது மட்டும் என் தோளோடு தங்கிவிட்டது. ஆக, மூன்று காதுள்ள நிபுணர். மற்றவர்கள் சொல்வதைக் கேட்கும் தொழிலுக்கு இது ஒரு கூடுதல் தகுதி என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் என்னை ஓட்டலுக்கு அழைத்துப் போய்ப் பசியாற வைத்தார். இட்லிக்கு நான்கு சட்னி. எங்கள் மலேசியாவில் ஒரு சட்னிக்கு மேல் கேட்டால் கடைக்காரர் நம் பரம்பரையை விசாரிப்பார். மூன்றாவது சட்னியில்தான் எனக்குப் பேச்சு வந்தது.

"அண்ணே, நான் டாக்டர் இல்லை. சமையற்காரன்."

"தெரியுமுலே. நோட்டீஸ் அடிச்சாச்சு, தட்டியும் கட்டியாச்சு. இனி மாத்துனா எம் மானம் என்னத்துக்கு ஆவும்? இருவத்தாறு வருசமா ஆஸ்பத்திரியிலதான கெடக்க?"

"எனக்குக் குழம்பு வைக்கத்தானே தெரியும்?"

"அப்பச் சரியாப் போச்சு. இங்க வாரவியளும் கொழம்பிப் போனவியதான்" என்றார் அண்ணன். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, நான்காவது சட்னியை என் பக்கம் நகர்த்தினார். உண்மையான மனநல மருத்துவர் ஒரு அம்மா மதுரையிலிருந்து மூன்றாம் நாள் வருவாராம். அதுவரைக்கும் விழாவைத் தாங்க வேண்டியது நான்.

மாலை விழா தொடங்கியது. முந்தின நாளிலிருந்தே ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாக அறிவித்திருந்தார்கள். "மனநோயாளிகளே! குடும்பத்தோடு திரண்டு வாரீர்! வாரீர்!" இப்படி அன்பாக அழைத்தும் ஒருவரும் வரவில்லை என்பதில் மன்றத்தாருக்கு மனவருத்தம். மைதானத்தில் முந்நூறு நாற்காலி. மன்ற உறுப்பினர்கள் பதினொரு பேர், மைக் செட்காரர், அப்புறம் வெள்ளை வெளேரென்று ஒரு நாய். இந்த ஊர் நாய்கள் மிகவும் கோபக்காரர்கள், மிகவும் பெரிய இடத்துப் பிள்ளைகள் என்று மலேசியாவிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 'மனதை அடக்குவது எப்படி' என்று ஒரு மணி நேரம் மேசையைக் குத்திக் குத்திப் பேசினார். நாய் முதல் வரிசையில் கால் நீட்டித் தூங்கியது. அன்றைய விழாவில் மன அமைதி அடைந்தது அது ஒன்றுதான்.

என்னால் மேடையில் இருக்க முடியவில்லை. இறங்கி வாசலுக்குப் போனேன். ஆலை வேலை முடிந்து சைக்கிளில் வந்த ஒருவர், ஒரு காலை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்பு வளையம்.

"உள்ளே வாங்களேன்" என்றேன்.

"நா உள்ள வந்தா நாளைக்கு என்னைய மிசின் பக்கம் விடமாட்டாக சார்" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

அன்றைய நிகழ்ச்சியில் யோசிக்க வைத்த ஒரே பேச்சு அதுதான். மைக் இல்லாமல் பேசியதால் யாருக்கும் கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெயில் பொரித்த பரோட்டா, மேலே சால்னா. எங்கள் மலேசியப் பரோட்டாவான ரொட்டி சானாய் கையில் எடுத்தால் தொங்கும். இது நொறுங்கியது. நான் நொறுக்கிக்கொண்டே எரிச்சலில் சொன்னேன்: "மனம் நல்லா இருக்கிறவங்க மட்டும் வரலாம்னு சொல்லிப் பாருங்கண்ணே, கூட்டம் பிச்சுக்கும்."

கிண்டலை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளக்கூடிய மனிதர் அவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் காலை ஆட்டோ கிளம்பியது. "மனம் தெளிவாக உள்ளவர்களுக்கு மட்டும்! அனுமதி இலவசம்! சாப்பாடு இலவசம்!" பத்து மணிக்கெல்லாம் முந்நூறு நாற்காலியும் நிறைந்து, வேலி ஓரமும் நிறைந்துவிட்டது. வராமல் வீட்டில் இருந்தால் ஊர் என்ன நினைக்கும்?

என்னை ஒரு மேசை போட்டு உட்கார வைத்தார்கள். மேசையில் என் பெயர்ப்பலகை, முன்னால் வரிசை. வந்த எல்லோருக்கும் மனம் தெளிவாகத்தான் இருந்தது. கோளாறு எல்லாம் அவர்களுடைய சிநேகிதர்களுக்கு.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். எம் சிநேகிதன் ஒருத்தனுக்குத் தூக்கமே வரல."

"எத்தனை நாளா?"

"நா தூங்கி ரெண்டு மாசமாச்சு... அவன் தூங்கி."

எனக்கு மருந்து தெரியாது. தெரிந்தது ஒரே கேள்விதான். "சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு சக்தி இருக்கும் என்று இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரியவில்லை. கேட்டவுடன் ஒரு வாத்தியார் அழுதுவிட்டார். அவருடைய சிநேகிதரின் மனைவி இறந்து நாற்பது நாளாம். பூ வைத்திருந்த ஒரு இளம்பெண், தன் சிநேகிதி பிறந்த குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்றாள். நான் ஒரு நோட்டில் சிநேகிதர்களின் பெயர்களை எழுதி, மதுரை டாக்டர் அம்மா வரும் நாளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச் சொன்னேன். எல்லா சிநேகிதர்களும் வந்தவர்களுடைய முகவரியிலேயே குடியிருந்தார்கள்.

மதியத்துக்குள் எனக்கு வெட்கம் தாங்கவில்லை. மேடை ஏறி மைக்கைப் பிடித்தேன். "ஐயா, அம்மா, நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரிச் சமையற்காரன். மன்னிக்கணும்."

இடிபோல் கைதட்டல். "எம்புட்டு அடக்கம் பாத்தியளா!" என்றார் மன்றத் தலைவர், எனக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டே. "எம்புட்டுப் படிச்சாலும் தன்னையச் சமையக்காரன்னு சொல்லுற மனசு! இதுதான் மனநலம்!" வாழ்க்கையில் உண்மை சொல்லி இவ்வளவு மரியாதை நான் வாங்கியதே இல்லை.

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். பக்கத்து ஊர்தான். அண்ணனுடைய அம்பாசிடர் பாதி வழியில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. மன அழுத்தம் என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. டவுன் பஸ்ஸை மறித்து ஏறினோம், மடியில் ஆளுக்கொரு குழாய் ஸ்பீக்கர்.

"இதுக்கு லக்கேஜ் டிக்கெட்டு எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

"மனநல விழாவுக்குப் போறோம், பொதுச்சேவை" என்றார் அண்ணன்.

கண்டக்டர் எங்களையும் மடியிலிருந்த ஸ்பீக்கர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, சரி, பத்திரமாப் போயிட்டு வாங்க" என்று மிகவும் கனிவாகச் சொல்லி, டிக்கெட் கேட்காமலே நகர்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

ஊருக்குள் நுழைந்ததிலிருந்து நாலு பேர் பால்கோவா சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். கோபுரத்தைப் பார்த்தீர்களா என்று ஒருவர்தான் கேட்டார், அவரும் பால்கோவாக் கடைக்கு அடையாளம் சொல்வதற்காக. விழாப் பந்தலில் எனக்கு மறுபடியும் மேசை, பெயர்ப்பலகை. நான் அண்ணன் அசந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் நழுவினேன். அங்கே தகரக் கொட்டகையில் சமையல் நடந்துகொண்டிருந்தது. சாம்பார் சாதம், தயிர் சாதம். சமையல் மாஸ்டரிடம் அனுமதி கேட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒரு மூட்டை வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்தேன். இந்தியாவுக்கு வந்து மூன்று நாளில் அப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. விழா தன் வேலையைச் செய்துவிட்டது.

அப்போதுதான் முத்துலட்சுமி வந்தார். நாற்பது வயதிருக்கும். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"நீங்கதான மலேசியா டாக்டரு?"

"இல்லம்மா. சமையற்காரன்."

இதைச் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள். இவர் தட்டவில்லை. என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார், வெங்காயம் நறுக்கியிருந்த விதத்தைப் பார்த்தார், நம்பினார்.

"அப்ப நல்லதாப் போச்சு அண்ணாச்சி. டாக்டருன்னா எங்க வீட்டுக்காரரு கிட்டயே வரமாட்டாரு."

அவர்கள் செட்டியார்பட்டிக்காரர்கள். ராஜபாளையத்தில் தெரிந்த முகம் அதிகம் என்பதால் இங்கே வந்திருந்தார்கள். கணவர் பால்ராஜ், பட்டாளத்தில் அவில்தாராக இருந்து வந்தவர். இரண்டு வருடமாக இப்படி. முதலில், ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லி ரேடியோவை உடைத்தார். பிறகு ஜன்னல்களை அடைத்தார். டாக்டர் என்றாலே எழுந்து போய்விடுவார். திருவிழா என்று சொல்லித்தான் மனைவி அழைத்து வந்திருக்கிறார். முத்துலட்சுமி கை காட்டிய இடத்தில், வேப்பமரத்தடியில், முதுகை நிமிர்த்தி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, இன்னொருவருடையதைப் போல் தொளதொளவென்று தொங்கியது. கையில் ஒரு வாழைப்பழம். தோலில் ஓட்டை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு நாளா வாழப்பழம், எளநி, அவரே அவிக்கிற முட்ட. அம்புட்டுதான் அண்ணாச்சி."

தோல் உரிக்காதது, ஓடு உடையாதது. எனக்குப் புரிந்தது. எங்கள் வார்டிலும் ஒரு சீனப் பெரியவர் அப்படித்தான் ஒரு மாதம் இருந்தார். "சாப்பாட்டில் விஷம் இருக்குன்னு சந்தேகப்படுறாரா?" என்று கேட்டேன்.

முத்துலட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாரும் சந்தேக வியாதிங்காக. அவரு சந்தேகப்பட்டதுல என்ன தப்பு? நாந்தான் கலந்தேன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஒரு டாக்டருகிட்ட நா மட்டும் போயிக் கேட்டேன். மாத்திரை குடுத்தாரு, தெரியாமச் சாப்பாட்டுல கலந்து குடுங்கன்னாரு. ரசத்துல போட்டேன். ஒரு நாளு சரியாக் கரையல, டம்ளர் அடியில வெள்ளையா நின்னுச்சு. அவரு அதப் பாத்தாரு. பொறவு என்னையப் பாத்தாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவலையே. ஒரு வார்த்த பேசல. அன்னையிலருந்து எங் கையால ஒரு வாய் தண்ணி குடிக்கல. நல்லதுக்குத்தான செஞ்சேன்?"

மேடையில் சிறப்பு விருந்தினர் "அச்சத்தை விரட்டுங்கள்!" என்று அலறிக்கொண்டிருந்தார். மைக் கீச்சென்று கத்தி மைதானத்திலிருந்த குழந்தைகளையெல்லாம் அழவைத்தது. இதற்கெல்லாம் என்ன பதில் என்று போர்த்திய பொன்னாடையில் குறிப்பு எழுதித் தரவில்லை.

"நீங்க அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடணும்னு எனக்குத் தோணுது" என்றேன்.

"சொன்னா வீட்ட விட்டே போயிருவாரு."

"போயிடுவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் சமையற்காரன்."

அந்தச் சீனப் பெரியவர் கதைக்கு வருகிறேன். டாக்டர் வாதாடினார், நர்சு கெஞ்சினார், அவர் சாப்பிடவில்லை. ஒருநாள் சமையற்கூட வாசலில் வந்து நின்று என்னையே முறைத்தார். அன்று எனக்கு ஆள் பற்றாக்குறை. சும்மா நிற்காமல் பூண்டு உரியுங்கள் என்று எரிந்து விழுந்தேன். உரித்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் அவர் பார்க்க வெந்த கஞ்சியை அவரே ஊற்றிக் குடித்தார். அதில் என் ஞானம் ஒன்றும் இல்லை, என் சோம்பேறித்தனம்தான்.

வேப்பமரத்தடிக்குப் போனேன். "சார், பட்டாளத்து ஆள்னு சொன்னாங்க. சாப்பாட்டு வரிசையில் அடிதடி ஆகப்போகுது. கொஞ்சம் வந்து பார்த்துத் தர முடியுமா?"

பொய் இல்லை. இலவசச் சாப்பாட்டுக்கு முன்னால் மனம் தெளிந்தவர்கள் தட்டால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். பால்ராஜ் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். ஏப்ரனில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார். பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கொட்டகைக்குள் வந்ததும் எல்லா மூடியையும் திறந்து பார்த்தார். தண்ணீர் எங்கே பிடித்தது என்று கேட்டார். மாஸ்டரிடம் கரண்டியை நீட்டி, "நீங்க மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார். "முப்பது வருசமாச் சமைக்கேன், என்னையவா சந்தேகப்படுதீரு?" என்று மாஸ்டர் துள்ளினார். கரண்டியை வாங்கி நான் சாப்பிட்டேன். நாக்கு வெந்தது. அருமை என்று சொல்லிவைத்தேன்.

பிறகு அவர் வெளியே போய் நின்று, "ஒத்த வரிசை!" என்று ஒரு குரல் கொடுத்தார். மைக் இல்லாமல். மைதானமே நேர்கோடாகிவிட்டது. சிறப்பு விருந்தினரின் கடைசி ஆறு கேட்பாளர்களும் எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். இடையில் புகுந்த மன்றத் தலைவரைத் தோளைத் தொட்டுக் கடைசிக்கு அனுப்பினார். தலைவர் போனார். ஒரு மணி நேரம் பால்ராஜ் தானே கரண்டி பிடித்துப் பரிமாறினார், எல்லோருக்கும் ஒரே அளவு. சாப்பிடுகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகக் கவனித்தார். யாரும் விழவில்லை.

வரிசை முடிந்தது. அண்டாவின் அடியில் தயிர் சாதம் கொஞ்சம் மிச்சம். அப்போது முத்துலட்சுமி மெதுவாக வந்து அண்டாவின் அந்தப் பக்கம் நின்றார்.

"ரசத்துல மாத்திரை கலந்தது நாந்தான். ஒங்களுக்குத் தெரியாம ஏமாத்திப்புட்டேன். இனிமே செய்ய மாட்டேன்."

அவர் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டு, "எத்தன நாளு?"

"ஒம்பது நாளு."

"நா எட்டுன்னு நெனச்சேன்" என்றார்.

ஒரு தட்டை எடுத்துக் கழுவினார். மறுபடி கழுவினார். அடியில் இருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். முத்துலட்சுமி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். நான் வெங்காயம் நறுக்கினேன். இனி எதற்குமே தேவைப்படாத வெங்காயம், கண் கலங்கினால் காரணம் சொல்ல ஒன்று வேண்டுமே.

மதுரை டாக்டர் அம்மா அப்போதுதான் வந்து சேர்ந்தார், பஸ் பஞ்சராகி மூன்று மணி நேரம் தாமதமாக. தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் மேசைக்கே போகவில்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பால்ராஜுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தான் மனநல டாக்டர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். பால்ராஜ் எழப்போனார். எழவில்லை. ஒரு சீட்டில் எழுதி நீட்டினார் அந்த அம்மா. "இதுதான் மாத்திரையோட பேரு. பயம் குறையும், தூக்கம் வரும், வாய் உலரும். போடுறதும் போடாததும் நீங்க முடிவு பண்ணுங்க. யாரும் கலக்க மாட்டாங்க. அடுத்த வாரம் மதுரைக்கு வாங்க. என்னைத் திட்டுறதுக்காகவாவது வாங்க."

நான் ஒரு அற்புதத்தை எதிர்பார்த்தேன். அவர் சீட்டை நாலாக மடித்து வாழைப்பழம் இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். டாக்டர் அம்மா என் நோட்டிலிருந்த சிநேகிதர்களைக் கூப்பிடப் போய்விட்டார். பாதிப் பேர் வந்திருந்தார்கள். முதல் நாள் வாசலில் பார்த்த சைக்கிள்காரர் அதில் இல்லை.

நான்காம் நாள் நான் ஊர் திரும்ப வேண்டும். மன்றம் பத்திரிகைகளுக்கு அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தது. விழா மாபெரும் வெற்றி, பொதுமக்கள் கட்டுப்பாட்டோடு வரிசையில் நின்றனர் என்று தங்கச்சாமி அண்ணன் வாசித்துக் காட்டினார். கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவர் யார் என்பதை எழுத இடம் இல்லையாம். தலைவரின் பெயரை இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

மதியம் செட்டியார்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போனேன். முத்துலட்சுமி சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கதவு தட்டினேன். "யாரு?" என்று உள்ளிருந்து மூன்று முறை குரல் கேட்டது. மூன்று முறையும் சமையற்காரன் என்றேன். தாழ்ப்பாள் திறந்தது. ஜன்னல்கள் இன்னும் அடைத்துத்தான் இருந்தன. சீட்டு அலமாரியில் கண்ணாடிக்குக் கீழே மடித்தபடி கிடந்தது. மாத்திரை வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

மூன்று தட்டு வைத்து முத்துலட்சுமி கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினார். நான் கை வைக்கப் போகும்போது பால்ராஜ் தன் தட்டை என் பக்கம் தள்ளி, என்னுடையதை எடுத்துக்கொண்டார். பிறகு ஏதோ யோசித்து, அதையும் மனைவியிடம் கொடுத்துவிட்டு அவருடைய தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முத்துலட்சுமி முகத்தில் ஒன்றும் காட்டாமல், வந்த தட்டில் கை வைத்து முதல் வாய் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். கடைசியில் பால்ராஜும் ஒரு வாய் எடுத்து வைத்து, மெதுவாக மென்றார்.

"உப்பு பத்தல" என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. இருபத்தாறு வருடம் உப்புப் பார்த்த நாக்கு சொல்கிறது. முத்துலட்சுமி எழுந்து போனார். உப்பு ஜாடியை எடுத்து வந்து அவர் கண்ணெதிரே திறந்து, முதலில் தன் தட்டில் போட்டுக்கொண்டு, அவர் பக்கம் நகர்த்தினார். அவரும் போட்டுக்கொண்டு ஜாடியை என்னிடம் நீட்டினார். கை நீட்டியபடியே இருந்தார். நானும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேன். மூன்று பேரும் கரிக்கக் கரிக்கச் சாப்பிட்டு முடித்தோம்.